ரோஹன் டி சேரம் போன வழியில் இன்று ஒரு செல்லோ வாசிப்பவர் போக முடியுமா?

நாலாம்தந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடமாக செல்லோ கற்கிறேன். கல்லூரிப் படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்தது ஆர்கெஸ்ட்ரா தேர்வுகள்தான் என்று வீட்டிலும் வகுப்பிலும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கோ அந்தத் தேர்வுப் பகுதிகளில் மனம் ஒட்டவே இல்லை. கொஞ்ச காலமாக நான் திரும்பத் திரும்பக் கேட்பது ரோஹன் டி சேரத்தின் பதிவுகளை மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1939ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். வளர்ந்தது கொழும்பில். பையனாக இருக்கும்போதே இத்தாலிக்குப் போய் பெரிய செல்லோ வாசிப்பாளரான காஸ்பர் கசாதோவிடம் படித்தார். 1955ல் சுஜ்ஜியா பரிசு கிடைத்தது. பிறகு ஜான் பார்பிரோல்லியிடம் பாடம், போர்ட்டோ ரிக்கோவுக்குப் போய் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸிடமும் பாடம். 1960ல் நியூயார்க் கார்னகி அரங்கில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் கச்சத்தூரியானின் கான்செர்ட்டோ (தனி செல்லோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். வயது இருபத்தொன்றைத் தாண்டவில்லை. அந்த இடத்துக்கு வந்த ஒருவர் ட்வோர்ஷாக், எல்கர், ஷுமான் என்று வாழ்நாள் முழுக்க உலகம் சுற்றியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு புது இசைக்குள் இறங்கினார். 1970களின் பிற்பகுதியில் ஆர்டிட்டி ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு) சேர்ந்து 2005 வரை அதில் இருந்தார். உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்கள் எழுதியதை, மை காய்வதற்கு முன்னால் வாசிக்கிற வேலை. 2024 செப்டம்பரில் காலமானார், 85 வயது.

என் ஆசிரியரிடம் இதைப் பற்றிப் பேசினேன். "பழசு வாசிக்க வராதவர்கள்தான் புதுசுக்குப் போவார்கள்" என்றார். நல்ல ஆசிரியர், என் மேல் அக்கறை உள்ளவர், அதனால்தான் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உண்மையா? இந்த வழியில் ஒரு பிழைப்பு இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஐந்தாம் மேசை எழுதியது:

தம்பி, நான் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வரிசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே எந்த நாற்காலி என்று தெரியும். அக்காவாக இரண்டு விஷயம் சொல்கிறேன்.

உங்கள் ஆசிரியர் சொன்னது தவறு. நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கசாதோ, கசால்ஸ் என்று. அந்த இரண்டு பேரிடமும் படித்துவிட்டு வந்தவருக்குப் பழசு வாசிக்க வராதா? பாக் தனி செல்லோவுக்கு எழுதிய தொகுப்புகளை அவர் விட்டுவிடவும் இல்லை. ஒரு பக்கம் புது இசை எழுதிய செனாக்கிஸ், ஒரு பக்கம் பாக் என்று கடைசிவரை இரண்டும் வாசித்தார்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது. டி சேரம் புது இசைக்கு வந்தபோது அவர் கையில் இருபது வருட வாசிப்பு இருந்தது. பெயரும் இருந்தது. நீங்கள் இருபத்திரண்டு வயதில் நேராக அங்கே குதிக்கப் பார்க்கிறீர்கள். பதினெட்டு நிமிடத் தனி வாசிப்பு ஒன்று, கையெழுத்துப் படியாக வருகிறது. அதைக் கற்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எத்தனை முறை வாசித்தேன் தெரியுமா? ஒரே முறை. ஒரு கச்சேரிக்கு உண்டான பணம்தான் கிடைத்தது, இரண்டு மாதத்துக்கு உண்டானது அல்ல. பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா சம்பளம் இருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

சீக்ஃப்ரீட் பாமின் வாழ்க்கையைப் பாருங்கள். 1927ல் பிறந்த ஜெர்மானியர். போர் முடிந்த கையோடு பதினெட்டு வயதில் ல்யூபெக் ஆர்கெஸ்ட்ராவில் முதல் செல்லோ. பிறகு ஹாம்பர்க் வானொலி ஆர்கெஸ்ட்ரா, பிறகு கொலோன் வானொலி ஆர்கெஸ்ட்ரா. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் ஸிம்மர்மானையும் பெண்டரெட்ஸ்கியையும் லிகெட்டியையும் வாசித்தார். 1966ல் செனாக்கிஸின் 'நோமோஸ் ஆல்ஃபா'வை முதலில் மேடையேற்றியவர் அவர்தான், பிரேமன் வானொலிக்காக எழுதப்பட்டது அது. லிகெட்டியின் செல்லோ கான்செர்ட்டோ அவருக்காக எழுதப்பட்டது, 1967ல் பெர்லினில் அரங்கேறியது. பெண்டரெட்ஸ்கி 1968ல் எழுதிய தனி செல்லோ கப்ரிச்சியோவின் தலைப்பிலேயே பாமின் பெயர் இருக்கிறது. இவ்வளவையும் மாதச் சம்பளக்காரர் ஒருவர் செய்திருக்கிறார். அந்தச் சம்பளத்தைக் கொடுத்ததும், புதிய படைப்புகளை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்ததும் பெரும்பாலும் ஜெர்மானிய வானொலி நிலையங்கள். இதையும் மறக்காதீர்கள்.

குவார்ட்டெட் பித்து எழுதியது:

ஐந்தாம் மேசை அக்கா சொன்னதற்கு மறுப்பு இல்லை. ஆனால் டி சேரத்தைத் தனி ஆளாகப் பார்ப்பதில்தான் எனக்குச் சிக்கல். அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி ஒரு நால்வர் வாழ்க்கை.

ஆர்டிட்டி குவார்ட்டெட்டை இர்வின் ஆர்டிட்டி 1974ல் லண்டனில், இன்னும் ராயல் அகாடமியில் படித்துக்கொண்டிருக்கும்போது தொடங்கினார். இசையமைப்பாளர் உயிரோடு இருந்தால் அவரை வைத்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம். இது கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதனால் நடந்தது பெரிய விஷயம். வாசிப்பவர் "இந்த வேகத்தில் இந்த இரண்டு தந்திப் பிடிப்பு விழாது, ஆனால் இப்படிச் செய்தால் நீங்கள் கேட்கும் ஒலி வரும்" என்று சொல்கிறார். எழுதுபவர் கேட்டுக்கொள்கிறார். அடுத்த படைப்பை எழுதும்போது அந்தக் கைகள் அவர் காதில் இருக்கின்றன. செனாக்கிஸ் 1983ல் 'டெட்ராஸ்' எழுதினார், கிரேக்கத்தில் நான்கு என்று பொருள், அந்த நான்கு பேருக்காகவே. நான்கு வாத்தியமும் ஒரே பெரிய மிருகமாக மாறி, வழுக்கி வழுக்கிப் போகிற இசை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இசையமைப்பாளர் லாஹென்மான் நால்வருக்காக எழுதிய மூன்றாவது குவார்ட்டெட், 2001. பெயர் 'கிரிடோ'. இத்தாலிய மொழியில் அலறல், கூக்குரல். அந்த எழுத்துகளுக்குள் கிரேம், ரோஹன், இர்வின், டோவ் என்று நான்கு பேரின் பெயர்களும் ஒளிந்திருக்கின்றன. அன்றைய குழு அதுதான். ஒரு வாசிப்பாளருக்கு இதைவிட வேறென்ன கௌரவம் வேண்டும்? 1999ல் எர்ன்ஸ்ட் ஃபான் சீமன்ஸ் இசைப் பரிசு அந்தக் குழுவுக்குக் கிடைத்தது, அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் நானாக இருந்தால் 'கிரிடோ'வின் அந்த இரண்டாவது எழுத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் ஹெலிகாப்டர். 1995 ஜூன் 26, ஆம்ஸ்டர்டாம். ஸ்டாக்ஹௌசனின் ஹெலிகாப்டர் குவார்ட்டெட்டின் முதல் நிகழ்ச்சி. நான்கு பேரும் ஆளுக்கொரு ஹெலிகாப்டரில் ஏறி, காதில் தாள ஒலி கேட்டபடி வானத்தில் வாசித்தார்கள். கீழே அரங்கில் ஒலியும் படமும் வந்து சேர்ந்தன. இறக்கையின் சத்தமும் இசையின் ஒரு பகுதி, வில் நடுக்கம் அதோடு கலந்துவிட வேண்டும். டி சேரம் அந்த நான்கு பேரில் ஒருவர். இதை வேடிக்கைக் காட்சி என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. முழுக்கக் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் எந்திரம் அதிரும்போது, பக்கத்தில் சக வாசிப்பாளர் யாரும் இல்லாமல், மூன்று பேரோடு சேர்ந்து வாசிக்கிற ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? கசால்ஸ் வகுப்பிலிருந்தும் வருகிறது, இருபது வருடக் குழு வாசிப்பிலிருந்தும் வருகிறது.

தூரத்து ரசிகன் எழுதியது:

நான் வாசிப்பவன் அல்ல, கேட்பவன். உண்மையாகச் சொல்கிறேன், யார் மனதையும் புண்படுத்த அல்ல. இந்த இழையைப் படித்துவிட்டு செனாக்கிஸின் 'கொட்டோஸ்' கேட்டேன். தொடக்கத்தில் வருவது என்ன? மரக்கதவைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். செல்லோ என்றால் மனிதக் குரலுக்கு மிக அருகில் இருக்கும் வாத்தியம் என்று சொல்வார்கள். அந்தக் குரலை ஏன் இப்படி நெரிக்க வேண்டும்? கேட்கப் பழக வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

நாலாம்தந்தி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது என் அறையில் அதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

'கொட்டோஸ்' 1977ல் எழுதப்பட்டது. ரஷ்ய செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச் பெயரில் பிரான்சின் லா ரொஷேலில் நடந்த போட்டியில், போட்டியாளர் எல்லோரும் வாசிக்க வேண்டிய கட்டாயப் பகுதி. கொட்டோஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் நூறு கை அரக்கன். இசைத்தாளின் முன்குறிப்பிலேயே வழக்கமான அழகிய ஒலியைத் தேடாதீர்கள், கரடுமுரடான, இரைச்சல் நிறைந்த ஒலி வேண்டும் என்று இருக்கிறது.

முதல் நாள் நானும் வில்லை அழுத்தி இழுத்தேன். வந்தது வெறும் கீச்சு. சாதாரண வாசிப்பில் தந்தி வில்முடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வரும், பிறகு சட்டென்று நழுவித் திரும்பும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு ஒட்டல், ஒரு நழுவல். அது ஒழுங்காக நடந்தால்தான் சுரம். வில் போடும் வேகத்துக்கு மேல் அழுத்தம் ஏறினால் தந்தி நேரத்துக்கு நழுவாது. அப்போது சுரம் உடைந்து இரைச்சல் வருகிறது. செனாக்கிஸ் கேட்பது அந்த உடைசலைத்தான். ஆனால் அது தானாக உடையக் கூடாது, நாம் உடைக்க வேண்டும். குதிரையிலிருந்து (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) எவ்வளவு தூரம், கையின் எடை எவ்வளவு, வில் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு அந்த உறுமலை நீளமாக, சீராக நிறுத்த வேண்டும். மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் நடுவில் அசட்டுச் சுரம் ஒன்று எட்டிப்பார்க்கும். நான்கு நாளில் வில்லிலிருந்து பதினேழு முடி போனது. எண்ணி வைத்திருக்கிறேன். தோள் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் எடையைத் தோளிலிருந்து அல்ல, முதுகிலிருந்து இறக்க வேண்டும் என்று புரிந்தது. இதே விஷயத்தை என் ஆசிரியர் பாக் வாசிக்கும்போது மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. அந்த உறுமல் முடிந்து முதல் தெளிவான சுரம் வரும் இடம் இருக்கிறதே, அங்கே வரும் வெளிச்சம், அழகாகவே தொடங்கியிருந்தால் வராது.

ஐந்தாம் மேசை எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. தோளைக் கவனியுங்கள், வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், விளையாட்டு அல்ல.

ரசிகருக்கு: நேராகக் 'கொட்டோஸ்' வேண்டாம். லிகெட்டியின் கான்செர்ட்டோவில் தொடங்குங்கள். தொடக்கச் சுரத்துக்கு மென்மையைக் குறிக்கும் p என்ற எழுத்தை எட்டு முறை போட்டிருக்கிறார். எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் ஒரே ஒரு சுரம் மிதந்து வரும். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முடிவில் தனி செல்லோ கிசுகிசுப்பது போல விரல்களை ஓட்டிவிட்டு ஒன்றுமில்லாமல் கரையும். அடுத்து சாரியாஹோவின் 'செப்ட் பாப்பியோன்', ஏழு வண்ணத்துப்பூச்சிகள், 2000ல் எழுதியது. அதில் யாரும் யாரையும் நெரிக்கவில்லை. வில் குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவே நகர நகர ஒரே சுரத்தின் நிறம் மாறுவதைக் கேட்கலாம். அதற்குப் பிறகு 'கொட்டோஸ்' வேறு மாதிரி கேட்கும்.

வலந்தலை எழுதியது:

நான் மிருதங்கக்காரன். மேலே ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லவே வந்தேன். டி சேரம் கண்டிய மேளமும் வாசித்தவர். 'கெட்ட பெரய' என்பது அதன் சிங்களப் பெயர். இலங்கை மலைநாட்டுச் சடங்குகளிலும் நடனத்திலும் வாசிக்கப்படும் இருமுக மேளம். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் வாசிப்பார்கள். நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும், நம் மிருதங்கத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல. இரண்டு முகத்துக்கும் வெவ்வேறு தோல், அதனால் வெவ்வேறு குரல்.

அந்த மேளத்தின் அடிப்படைச் சொற்கள் நான்கு: தத், ஜித், தொங், நங். எனக்கு இது தெரியவந்த அன்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் முதல் பாடம் என்ன? த தி தொம் நம். ஆறு வயதில் மடியில் மிருதங்கம் நிற்காமல் உருண்டபோது நான் வாசித்த முதல் நான்கு சொற்கள்.

இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 1958ல் தனிப் புல்லாங்குழலுக்கு முதல் 'செக்குவென்சா' எழுதினார். பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தார். செல்லோவின் முறை கடைசியில்தான் வந்தது, பதினான்காவது, 2002. அதை டி சேரத்துக்காக எழுதினார். வெறும் செல்லோக்காரருக்காக அல்ல, இந்த மேளக்காரருக்காக. கண்டிய மேளத்தின் 12 அடிச் சுழற்சி அதன் தாளப் பகுதிகளுக்குள் இருக்கிறது. ஒரு கை தந்திகளைத் தட்டுகிறது, மறு கை செல்லோவின் உடம்பையே தட்டுகிறது. 2003ல் பெரியோ இறந்துவிட்டார். ஆக அந்த வரிசையின் கடைசிப் படைப்பில் கொழும்பில் வளர்ந்த ஒருவரின் மேளம் போய் உட்கார்ந்திருக்கிறது.

தம்பி, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பெரியோவுக்கு உலகத்தில் நல்ல செல்லோ வாசிப்பாளர்களுக்குப் பஞ்சமா? இவரிடம் மட்டும் இருந்தது எது என்று பாருங்கள். கசால்ஸிடம் கற்றதும் இருந்தது, கண்டிய மேளமும் இருந்தது. இரண்டில் எதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை அவர்.

குவார்ட்டெட் பித்து எழுதியது:

வலந்தலை அண்ணா, இதைப் படித்ததும் மெய்சிலிர்த்தது. பதினான்காவது செக்குவென்சாவை ஒரு இளம் பெண் வாசிக்க நேரில் கேட்டிருக்கிறேன். முதல் நிமிடத்தில் அவர் வில்லைத் தொடவே இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்று பார்த்தாள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று. தட்டலுக்கு நடுவே வில் வந்து நீண்ட பாட்டு ஒன்றைத் தொடங்கியபோது அரங்கில் யாரும் அசையவில்லை. அன்று நிகழ்ச்சிக் குறிப்பில் கண்டிய மேளம் பற்றி ஒரு வரி இருந்தது, நான் அதைத் தாண்டிப் படித்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறது.

பழைய இசைத்தட்டு எழுதியது:

வாழ்க்கை வழி பற்றிய கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன். நான் பதிவுகள் சேகரிப்பவன், மூன்று வகையான வழிகளைப் பார்த்திருக்கிறேன்.

ரோஸ்ட்ரோபோவிச் வழி. ஏற்கெனவே உச்சியில் இருப்பவர், கேட்டால் யாரும் மறுக்க முடியாது. டூட்டியோவின் கான்செர்ட்டோவும் லுட்டோஸ்லாவ்ஸ்கியின் கான்செர்ட்டோவும் ஒரே வருடத்தில், 1970ல், அவர் கையால் அரங்கேறின. 1976ல் புது இசையின் புரவலரான சுவிஸ் இசை நடத்துநர் பால் சாஹரின் எழுபதாவது பிறந்தநாளுக்காகப் பன்னிரண்டு இசையமைப்பாளர்களிடம் சாஹரின் பெயர் எழுத்துகளையே சுரங்களாக்கி எழுதித் தரச் சொன்னார். பிரிட்டன், பெரியோ, பூலேஸ், ஹென்ஸே என்று பட்டியல் போகும். இந்த வழி உங்களுக்கும் எனக்கும் இல்லை.

பாம் வழி. அக்கா சொல்லிவிட்டார்.

மூன்றாவது அன்ஸி கார்ட்டுனென் வழி. இதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். 1960ல் பிறந்த ஃபின்லாந்துக்காரர். கையா சாரியாஹோ, மாக்னுஸ் லிண்ட்பெர்க், எஸா-பெக்கா சலோனென் எல்லோரும் சில வருட வித்தியாசத்தில் அவரோடு வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் வந்த பிறகு போய்க் கதவைத் தட்டவில்லை அவர். இளமையிலிருந்தே கூட இருந்தார். அக்கா மேலே சொன்ன 'செப்ட் பாப்பியோன்' அவருக்காகத்தான். சாரியாஹோவின் செல்லோ கான்செர்ட்டோ 'நோட்ஸ் ஆன் லைட்' அவருக்காகத்தான். லிண்ட்பெர்கின் கான்செர்ட்டோ, 1999, அதுவும். நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகளை முதலில் வாசித்தவர். லண்டன் சின்ஃபோனியெட்டாவில் முதல் செல்லோவாகவும் சில வருடம் இருந்தார், ஆக சம்பளக் கேள்விக்கும் அங்கே ஒரு விடை இருக்கிறது. 2023ல் சாரியாஹோ இறக்கும்வரை அந்த நட்பு இசையாக வந்துகொண்டே இருந்தது.

ஆகவே உங்கள் கல்லூரியில் இசையமைப்பு படிக்கும் பையன்கள், பெண்கள் யார்? அவர்களில் எத்தனை பேரின் இசையை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்?

நாலாம்தந்தி எழுதியது:

ஒருவருடையதையும் வாசித்ததில்லை.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் அறை எங்கள் பயிற்சி அறைக்கு மேல்மாடிதான். போன வருடம் ஒரு பெண் தனி செல்லோவுக்கு எழுதியதை எடுத்துக்கொண்டு வந்து கேட்டார். தேர்வு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் மேசை எழுதியது:

நாளைக்குப் போய்க் கேளுங்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் யாரையாவது அப்படி அனுப்பியிருக்கிறோம். நான் இரண்டு பேரை அனுப்பினேன். ஒருவர் பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார், அது என்னால் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். மேல்மாடிக்குப் போகும்போது எழுதி முடித்த தாளை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். செல்லோவையும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் 'கொட்டோஸ்' உறுமலை வாசித்துக் காட்டுங்கள். தந்தி தளர்த்தினால் என்ன ஆகும் என்று காட்டுங்கள். 'நோமோஸ் ஆல்ஃபா'வில் கனத்த தந்தியை நடுவிலேயே ஒரு ஸ்தாயி கீழே இறக்கச் சொல்கிறார் செனாக்கிஸ். தந்தி தொளதொளவென்று விரல்பலகையில் அடிக்கும், அந்த ஒலியே அவருக்கு வேண்டும். பிறகு அதைத் திரும்பவும் சரியாக ஏற்ற வேண்டும், தந்தியை முறுக்கும் பிருடை வழுக்காமல். இதெல்லாம் எழுதுபவருக்குப் புத்தகத்தில் கிடைக்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

தூரத்து ரசிகன் எழுதியது:

லிகெட்டி கேட்டேன், மின்விசிறியை நிறுத்திவிட்டு. தொடக்கத்தில் ஒலிப்பான் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். பிறகுதான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இரண்டாவது முறை ஒலியைக் கூட்டாமல் கேட்டேன். நன்றி.

வலந்தலை எழுதியது:

தம்பி, செக்குவென்சாவின் தட்டும் பகுதியை எடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் வாயால் சொல்லுங்கள். மேளக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வாயில் வராதது கையில் வராது என்பார் என் குரு. 12 அடியை எண்ணாதீர்கள், சொற்களாகச் சொல்லுங்கள். எண்ணினால் கை எண்ணுக்குப் பின்னால் ஓடும்.

நாலாம்தந்தி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மேல்மாடிக்குப் போனேன். அந்தத் தாளை அவர் வைத்திருந்தார். நான் மறுத்த பிறகு இரண்டு பக்கத்தை மாற்றி எழுதியிருந்தார். ஒரு இடத்தில், இடது கையால் நான்கு தந்தியையும் அமுக்கிக்கொண்டு ஐந்தாவதாக ஒரு சுரம் கேட்டிருந்தார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு "என்ன ஒலி வேண்டும்?" என்று கேட்டேன். மணி அடித்து அடங்குவது போல என்றார். இரண்டு மணி நேரம் தேடினோம். மூன்றாவது தந்தியில் ஒரு ஹார்மோனிக்கை (தந்தியை அமுக்காமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்சுரம்) மீட்டிவிட்டு, அடங்கும்போது விரல் நுனியால் தந்தியை லேசாகத் தொட்டால் அது வருகிறது. அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். அந்தக் குறிக்கு இன்னும் பெயர் இல்லை.

செக்குவென்சாவைப் பற்றி: வலந்தலை அண்ணா சொன்னபடி ஒரு வாரம் செல்லோவைத் தொடவில்லை, வாயால் மட்டும் சொன்னேன். அப்புறம் வாத்தியத்தின் எந்த இடம் எந்தச் சொல் என்று தேடினேன். மெருகு கெட்டுவிடும் என்று பயந்து, வகுப்பில் யாரும் எடுக்காத பழைய செல்லோ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன், நகம் படாமல் விரல் சதையால் மட்டும் தட்டல். கழுத்துக்குப் பக்கத்துத் தோளில் தட்டினால் வறண்ட ஒலி, அதை 'தத்' என்று வைத்துக்கொண்டேன். பக்கவாட்டுப் பலகையில் கொஞ்சம் மூடிய ஒலி, 'ஜித்'. 'நங்' தந்திகளில் இடது விரலை ஓங்கி வைத்தால் கிடைக்கிறது. இது பெரியோ எழுதியது அல்ல, எனக்குப் பழக நான் போட்டுக்கொண்ட ஏணி மட்டும்.

'தொங்' மட்டும் மூன்று நாள் கிடைக்கவில்லை. எங்கே தட்டினாலும் பெட்டியைத் தட்டுவது போலவே இருந்தது. நேற்று இரவு, கீழ் வயிற்றுப் பகுதியில், கனத்த தந்திப் பக்கம், குதிரைக்குக் கீழே நான்கு விரல் தள்ளி உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிவிட்டுக் கையை உடனே எடுத்தேன். நான்கு தந்தியும் தாமாக முனகின.

ஆசிரியர் கதவருகே நின்றிருக்கிறார், நான் பார்க்கவில்லை. "அதை இன்னொரு தடவை செய்" என்றார்.

வலந்தலை எழுதியது:

கையை எவ்வளவு சீக்கிரம் எடுத்தீர்கள்? ஒலிப்பதிவு செய்து இங்கே போடுங்கள், இன்று இரவே கேட்கிறேன்.